வானத்தில் கண்டதும் சாட்சி சொன்னதும்

பிறை பார்ப்பது எமது ஊர்களில் ஒரு பொதுக் காரியம். ஷஃபான் மாதத்தின் இருபத்தொன்பதாம் நாள் மாலையில் கல்முனைக் கரையோரத்து மக்கள் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பர். கடல் எமக்குக் கிழக்கே இருக்கிறது. பிறை தோன்றுவதோ மேற்கே, வட்டைகளுக்கு மேலே. யாரேனும் ஒருவர் “கண்டேன்” என்று சொன்னால் அந்தச் சொல் அப்படியே ஏற்கப்படுவதில்லை. எந்த இடத்தில் நின்று கண்டீர், சூரியன் மறைந்து எவ்வளவு நேரத்தின் பின் கண்டீர், எவ்வளவு உயரத்தில் இருந்தது, கொம்புகள் எந்தப் பக்கம் நோக்கின, உம்மோடு நின்று கண்டவர் யார் என்றெல்லாம் உலமாக்கள் விசாரிப்பர். அதன் பின்னரே தகவல் கொழும்புப் பெரிய பள்ளிவாசலுக்குப் போகும். இந்த விசாரணையால் எவரும் மனம் புண்படுவதில்லை. சாட்சியத்தை விசாரிப்பது சாட்சி சொன்னவரைப் பொய்யர் என்று சொல்வதாகாது என்பது எமக்குப் பழகிப்போன ஒழுங்கு.

இப்னு கல்லிகான் தமது வாழ்க்கை வரலாற்று அகராதியில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்திருக்கிறார். ரமழான் பிறையைத் தேடி ஒரு கூட்டம் நின்றது. நூறு வயதை நெருங்கிய ஸஹாபி அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்களும் அதில் இருந்தார்கள். அதோ பிறை என்று அவர்கள் சுட்டிக் காட்டினார்கள். வேறு எவர் கண்ணுக்கும் எதுவும் தெரியவில்லை. பின்னாளில் பஸ்றாவின் காழியாக விளங்கிய இயாஸ் இப்னு முஆவியா அங்கே நின்றார். அவர் வானத்தை விட்டுவிட்டுப் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். புருவத்து முடியொன்று வளைந்து கண்ணுக்கு முன்னே விழுந்திருந்தது. அதைக் கையால் தடவிச் சீராக்கிவிட்டு, இப்போது பிறை எங்கே இருக்கிறது என்று கேட்டார். பார்த்துவிட்டு, காணவில்லையே என்றார்கள் அனஸ் (ரலி) அவர்கள்.

இயாஸ் பெரியவரை மறுத்துப் பேசவில்லை. முதுமையைச் சொல்லிச் சிரிக்கவும் இல்லை. அவர் கண்டது உண்மை, கண்ட பொருள்தான் வேறு என்பதை எல்லோர் முன்னிலையிலும், அந்தப் பெரியவரைக் கொண்டே தெளிவாக்கினார். முந்நூறு ஆண்டுகளின் பின் கெய்ரோவில் இருந்து ஒளியியல் நூல் எழுதிய இப்னுல் ஹைதம், அதன் மூன்றாம் பாகத்தைப் பார்வையின் பிழைகளுக்கென்றே ஒதுக்கினார். தூரம், வெளிச்சம், காற்றின் தெளிவு, பார்க்கக் கிடைத்த நேரம், கண்ணின் ஆரோக்கியம் ஆகியவற்றுள் ஒன்று அளவு தப்பினாலும் கண் பிழை செய்யும் என்பது அவரது முடிவு. பிழை செய்வது கண்ணின் இயல்பு. அது மனிதனின் குற்றமன்று.

கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெரிய நாடுகளின் இராணுவங்கள் ‘பறக்கும் தட்டு’களை விசாரித்த வரலாற்றை இந்த அளவுகோலைக் கொண்டு பார்க்கலாம். அந்த இராணுவங்கள் கண்டறிந்த விளக்கங்களில் பெரும்பாலானவை சரியானவை. அப்படியிருந்தும் மக்களில் பெருந்தொகையினர் அவற்றை நம்பவில்லை. இது ஏன் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. எமக்கு மிக அருகில் அண்மைக் காலத்தில் நடந்த ஒரு விசாரணையிலிருந்து தொடங்குவோம்.

பங்கொங் ஏரியின் மேலே

லடாக்கில், கடல் மட்டத்துக்கு நாலாயிரம் மீற்றருக்கும் மேலே பங்கொங் என்றோர் ஏரி உண்டு. அதன் மேற்குப் பகுதி இந்தியாவின் கையிலும் கிழக்குப் பகுதி சீனாவின் கையிலும் இருக்கின்றன. 1962இல் இரு நாடுகளும் போரிட்ட நிலம் அது. எல்லைக் கோடு எது என்பதில் இன்றுவரை இணக்கமில்லை. அங்கே காவல் நிற்கும் இந்தியச் சிப்பாய்கள் 2012 ஓகஸ்ட் முதல் இரவு வானத்தில் ஒளிப் பொருட்களைக் கண்டனர். மஞ்சள் நிறத்தில் உருண்டையாகத் தெரிந்த அவை சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து கிளம்பி, மூன்று முதல் ஐந்து மணித்தியாலம் மெல்ல நகர்ந்து மறைந்தன என்று அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. 2013 பெப்ரவரி வரையில் இவ்வாறு 329 தடவை கண்டதாக இராணுவம் குறித்து வைத்தது.

சிப்பாய்கள் குறித்ததில் பொய் எதுவும் இல்லை. ஒளி இருந்தது. அது சீனாவின் திசையிலிருந்தே எழுந்தது. மெல்ல நகரவும் செய்தது. இவற்றிலிருந்து, சீனா வேவு பார்க்க ஆளில்லா விமானங்களை அனுப்புகிறது என்று ஊகிப்பது அந்த இடத்தில் நிற்கும் ஒரு சிப்பாய்க்கு இயல்பானதே. ராடர் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். ராடரில் எதுவும் விழவில்லை. உலோகத்தால் ஆகாத பொருளோ என்ற ஐயம் எழுந்தது. ஆளில்லா விமானமொன்றை அதன் பக்கம் அனுப்பினார்கள் என்றும், அதனால் அதை எட்ட முடியவில்லை என்றும் செய்திகள் வந்தன.

இறுதியில் விடயம் பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்குப் போனது. இந்த நிறுவனத்துக்கு லடாக்கிலேயே, ஹன்லே என்னுமிடத்தில், நாலாயிரத்து ஐந்நூறு மீற்றர் உயரத்தில் ஒரு வானாய்வகம் இருக்கிறது. அந்த வானத்தை அறிந்தவர்கள் அவர்கள். பொருள் வானத்துக்கு உரியதா, பூமிக்கு உரியதா என்று தீர்மானிப்பதே தமக்குரிய வேலை என்று அந்நிறுவனத்தின் பேராசிரியர் துஷார் பிரபு பின்னர் பத்திரிகைக்குச் சொன்னார். அதற்கு அவர்கள் கையாண்ட வழி மிக எளிமையானது. ஒளிப் பொருள் எந்த நேரத்தில் எங்கே தெரிகிறது, சுற்றியுள்ள நட்சத்திரங்களோடு ஒப்பிட அது எவ்வாறு நகர்கிறது என்று குறிக்கச் சொன்னார்கள். குறிப்புகள் வந்ததும் விடை தெரிந்துவிட்டது. மாலையில் எழுந்தது வியாழன். விடியற்காலை நாலு மணியளவில் எழுந்தது வெள்ளி.

2013 ஜூலையில் இச்செய்தி வெளிவந்தபோது உலகப் பத்திரிகைகள் பல இதை நகைச்சுவையாக எழுதின. ஆனால் ஆறுதலாக யோசித்தால் சிரிக்க இதில் அதிகம் இல்லை. கிரகங்கள் எழுவது கிழக்கே. பங்கொங் ஏரிக்கரையில் கிழக்கு என்றால் சீனா. 2012 ஓகஸ்ட் நடுப்பகுதியில் வெள்ளி சூரியனிலிருந்து மிக விலகி, விடிவதற்கு வெகு முன்னரே எழும் நிலையில் இருந்தது. வியாழன் அவ்வாண்டு டிசம்பர் தொடக்கத்தில் சூரியனுக்கு நேரெதிரே வந்து, இரவு முழுவதும் பிரகாசித்தது. நாலாயிரம் மீற்றர் உயரத்தில் தூசியும் ஈரமும் குறைந்த மெல்லிய காற்றினூடாகப் பார்க்கையில் அவை சமவெளியில் பிறந்து வளர்ந்த ஒருவன் என்றுமே காணாத பிரகாசத்தோடு தெரியும். இருட்டில் தனித்து நிற்கும் ஒளியொன்றை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது அசைவதாகத் தோன்றுவதும் கண்ணின் இயல்பு. ராடரில் விழாததும் வியப்பன்று. வியாழன் அப்போது அறுபது கோடி கிலோமீற்றருக்கு அப்பால் இருந்தது.

இவ்விடத்தில் எமது கரையை நினைத்துப் பார்க்கலாம். எமக்கும் கிழக்கே மறைப்பேதும் இல்லை, கடல்தான். அதே வெள்ளி அதே நாட்களில் எமது கடலிலிருந்தும் எழுந்தது. சுபஹுக்கு முன்னர் தோணி தள்ளும் மீனவர் அதை விடிவெள்ளி என்றார். நேரம் அறிந்துகொண்டு வேலையைப் பார்த்தார். லடாக்கில் நின்ற சிப்பாய்க்கு அதே வெள்ளி எதிரியின் விமானமாகத் தெரிந்தது. இருவர் கண்ணிலும் குறையில்லை. ஒருவர் எதை எதிர்பார்த்து நிற்கிறாரோ அதுவே அவர் காணும் பொருளுக்குப் பெயரிடுகிறது. எமது கரையிலும் போர்க்கால இரவுகளில் தூரத்து வெளிச்சம் ஒவ்வொன்றும் பரா லைட்டாகவோ கடற்படைப் படகாகவோ தோன்றியதை மறந்தவர் யார்?

சிரிக்க முடியாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2013 ஏப்ரல் நடுப்பகுதியில் அதே லடாக்கின் டெப்சாங் சமவெளியில் இரு நாட்டுப் படைகளும் எதிரெதிரே கூடாரம் அடித்து மூன்று வாரங்கள் நின்றன. அத்தகைய நாட்களில் வானத்து ஒளியைப் பார்த்து ஒருவன் விசையை அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? விசாரணை என்பது இங்கே அறிவு விளையாட்டு அல்ல.

1942இன் இரு வானங்கள்

இராணுவங்கள் வானத்து ஒளிகளை இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டதற்கு இரண்டாம் உலகப் போரே காரணம். 1942இன் தொடக்கத்தில் ஆறு வார இடைவெளியில் நடந்த இரு சம்பவங்கள் இதை விளக்கும்.

முதலாவது அமெரிக்காவில் நடந்தது. பேர்ள் ஹாபர் தாக்கப்பட்டு மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை. பெப்ரவரி 24ஆம் திகதி இரவும் மறுநாள் அதிகாலையும் லொஸ் ஏஞ்சலிஸ் நகரின் வானத்தில் எதிரி விமானங்கள் வந்துவிட்டன என்று ஆயிரத்து நானூறுக்கும் அதிகமான பீரங்கிக் குண்டுகள் சுடப்பட்டன. விடிந்து பார்த்தால் விழுந்த விமானம் ஒன்றுகூட இல்லை. வானிலை பலூன்களே இந்த அமளிக்குத் தொடக்கம் என்று அமெரிக்க விமானப்படையின் வரலாற்றுப் பிரிவு பின்னாளில் முடிவு செய்தது.

இரண்டாவது எமது நாட்டில் நடந்தது. ஏப்ரல் 4ஆம் திகதி கொக்கலையிலிருந்து கற்றலினா விமானத்தில் ரோந்து சென்ற கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் தென்கடலில் சில புள்ளிகளைக் கண்டார். அருகே போய்ப் பார்த்தார். அவை ஜப்பானியக் கப்பற்படை. கண்டதை வானொலியில் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பியோர் சிறைப்பட்டனர். மறுநாள் கொழும்பின் மீது குண்டு விழுந்தது. 9ஆம் திகதி திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அது இன்றும் அந்தக் கடலடியில் கிடக்கிறது.

லொஸ் ஏஞ்சலிஸில் கண்டது எதுவுமில்லை. இலங்கைக் கடலில் கண்டது ஒரு பெரும் படை. ‘கண்டேன்’ என்ற சொல்லை ஆராயாமல் நம்புவதும் ஆபத்து, ஆராயாமல் தள்ளுவதும் ஆபத்து என்பதை இரு பக்கத்து இராணுவங்களும் இவ்வாறு கற்றுக்கொண்டன.

பறக்கும் தட்டுகளின் காலம்

1947 ஜூன் 24ஆம் திகதி கென்னத் ஆர்னல்ட் என்னும் அமெரிக்கத் தனியார் விமானி, ரெய்னியர் மலைக்கு அருகே ஒன்பது ஒளிரும் பொருட்கள் மிக வேகமாகப் பறந்ததைக் கண்டதாகச் சொன்னார். தண்ணீர் மேல் வீசிய தட்டுத் துள்ளுவதுபோல அவை சென்றன என்று அசைவை விளக்கினார். பத்திரிகைக்காரர் அசைவை உருவமாக்கிவிட்டனர். பறக்கும் தட்டு என்ற பெயர் பிறந்தது. அதன் பின்னர் மக்கள் தட்டு வடிவத்திலேயே காணத் தொடங்கினர்.

சோவியத் ஒன்றியத்தோடு பனிப்போர் மூண்டிருந்த காலம் அது. அந்நாடு புதிய விமானம் எதையும் செய்துவிட்டதா என்பதே அமெரிக்க விமானப்படையின் உண்மையான கவலை. 1948 ஜனவரியில் ‘சைன்’ என்ற பெயரில் ஒரு விசாரணை தொடங்கியது. 1949இல் அது ‘கிரட்ஜ்’ ஆனது. 1952 முதல் ‘புளூ புக்’ என்ற பெயரில் 1969 டிசம்பர் வரை நீடித்தது. ஒஹையோ மாநிலத்தில் ஒரு விமானத் தளமே அதன் தலைமையகம். அங்கே இருந்தவர் சில அதிகாரிகள் மட்டுமே. வந்து குவிந்தவையோ மொத்தம் 12,618 சாட்சியங்கள்.

அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு விடை கிடைத்தது. முதலிடம் வெள்ளிக் கிரகத்துக்கும் ஏனைய பிரகாசமான கிரகங்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் உரியது. எரிகற்கள் வந்தன. வானிலை பலூன்கள் வந்தன. விமானங்கள் வந்தன, அவற்றின் இறங்கு விளக்குகள் நேரே நோக்கி வரும்போது நெடுநேரம் அசையாமல் நிற்பதாகத் தெரியும். நகர விளக்கு வயிற்றில் பட்டுத் திரும்பும் பறவைக் கூட்டம் வந்தது. 1960இன் பின்னர் செயற்கைக் கோள்களும் சேர்ந்துகொண்டன. 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பில் காலமான ஆர்தர் சி. கிளார்க்கும் இந்தப் பட்டியலுக்கு ஓர் உதாரணம். 1964இல் நியூயோர்க்கில் திரைப்பட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கோடு நின்றபோது வானத்தில் ஒரு பிரகாசமான பொருள் செல்வதை இருவரும் கண்டு திகைத்தனர். பத்திரிகையில் வெளியான செயற்கைக் கோள் நேர அட்டவணையில் அந்த நேரம் இல்லை. விசாரித்துப் பார்த்ததில் அது முப்பது மீற்றர் விட்டமுள்ள எக்கோ என்னும் பலூன் கோள் என்று தெரிந்தது. வானியலை நன்கறிந்த ஒருவரையே வானம் சில நிமிடங்கள் ஏமாற்றியது. கிளார்க் அதை மறைக்காமல் எழுதினார்.

1952 ஜூலையில் அமெரிக்கத் தலைநகரான வொஷிங்டனிலேயே அடுத்தடுத்து இரு வார இறுதிகளில் விமான நிலைய ராடரில் இனந்தெரியாப் புள்ளிகள் தோன்றின. போர் விமானங்கள் ஏவப்பட்டன. நாடே பதறியது. 29ஆம் திகதி ஜெனரல் ஜோன் சாம்ஃபர்ட் பத்திரிகையாளரைக் கூட்டி, குளிர்ந்த காற்றின் மேல் சூடான காற்று படலமாகப் படிவதால் ராடர் அலைகள் வளைந்து தரையிலுள்ள பொருட்களையே வானத்தில் காட்டியிருக்கலாம் என்று விளக்கினார். கோடையில் தார் வீதியில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோலத் தெரிகிறதே, அந்தக் கானல் நீரின் உறவினர் இது. அதே வாரம் பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சிலும் இந்தத் தட்டுகளின் உண்மை என்ன என்று தமது அமைச்சரிடம் எழுத்தில் கேட்டார். வானியற் பொருட்கள், விமானங்கள், பலூன்கள், பறவைகள், கண்மயக்கம், சில புரளிகள் என்று 1951இலேயே தாம் ஆராய்ந்து கண்டதை அவரது அதிகாரிகள் பதிலாக அனுப்பினர்.

இந்த விளக்கங்கள் சரியாயிருந்தும் ஏன் எடுபடவில்லை? ஒரு காரணம், விளக்கம் சொன்ன தொனி. 1953 ஜனவரியில் சீ.ஐ.ஏ. கூட்டிய விஞ்ஞானிகள் குழு, ஆபத்து தட்டுகளில் இல்லை, வந்து குவியும் அறிக்கைகளால் உண்மையான எச்சரிக்கை அமுங்கிப் போவதிலேயே இருக்கிறது என்று கண்டது. நியாயமான கருத்து. ஆனால் அதற்குப் பரிகாரமாக, மக்களின் ஆர்வத்தைத் தணிக்கும் பிரசாரத்தையே அது சிபாரிசு செய்தது. அதன்பின் விசாரணையின் நோக்கம் கண்டறிவதிலிருந்து அடக்கி வைப்பதற்கு மாறியது.

அந்தத் தொனி 1966 மார்ச்சில் வெடித்தது. மிச்சிகன் மாநிலத்தில் சதுப்பு நிலங்களின் மேல் ஒளி தெரிந்ததாகப் பலர் சொன்னார்கள். விமானப்படையின் வானியல் ஆலோசகர் அலன் ஹைனெக் சில நாட்களே விசாரித்துவிட்டு, அழுகும் தாவரங்களிலிருந்து எழும் சதுப்பு வாயு அவற்றுள் சிலவற்றுக்குக் காரணமாகலாம் என்றார். எமது கிராமங்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று பெயர் பெற்றதும் இதுதான். விளக்கம் அபத்தமானது அல்ல. ஆனால் கண்டவர்களுக்கு அது, ‘சேற்றுக் காற்றைப் பார்த்து மிரண்டவர்களே’ என்று காதில் விழுந்தது. நாடு முழுவதும் கேலிச் சித்திரங்கள் வெளிவந்தன. அந்த மாநிலத்தின் பிரதிநிதியும் பின்னாளில் ஜனாதிபதியானவருமான ஜெரல்ட் ஃபோர்ட் தமது மக்களுக்கு இதைவிட நல்ல பதில் வேண்டும் என்று பாராளுமன்ற விசாரணை கோரினார். அதன் தொடர்ச்சியாக எட்வர்ட் கொண்டன் என்னும் பௌதிகவியலாளரின் தலைமையில் கொலராடோ பல்கலைக்கழகம் தனியாக ஆராய்ந்தது. மேலும் ஆராய்வதால் விஞ்ஞானத்துக்குப் பயனில்லை என்ற அதன் முடிவு 1969இல் வெளிவந்தது. அவ்வாண்டு டிசம்பரில் புளூ புக் மூடப்பட்டது.

மறைத்தவர் சொன்ன விளக்கம்

தொனியைவிடப் பெரிய காரணம் இன்னொன்று இருக்கிறது. அது பல ஆண்டுகளின் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தது.

1948 ஜனவரி 7ஆம் திகதி கென்ரக்கியில் தோமஸ் மன்ரெல் என்னும் கப்டன், வானத்தில் கண்ட பெரிய பொருளொன்றைத் துரத்தித் தமது விமானத்தை மேலே மேலே கொண்டுபோனார். ஒட்சிசன் கருவி இல்லாத உயரத்தில் மயங்கி, விமானத்தோடு விழுந்து இறந்தார். அவர் துரத்தியது வெள்ளிக் கிரகம் என்று முதலில் சொல்லப்பட்டது. பட்டப்பகலில் வெள்ளியை ஒருவர் துரத்துவாரா என்று மக்கள் கேட்டனர். கேட்டது நியாயமே. அது பெரும்பாலும் ஸ்கைஹூக் என்னும் இராட்சத பலூனாக இருக்கவேண்டும் என்பது பின்னர் தெரிந்தது. கடற்படை அதை இரகசியமாகப் பறக்கவிட்டிருந்தது. மன்ரெலுக்கும் தெரியாது; விசாரித்த அதிகாரிகளுக்கும் அப்போது தெரியாது.

1947இல் நியூ மெக்சிக்கோவின் ரொஸ்வெல்லில் விழுந்த சிதைவுகளைப் பற்றி இராணுவம் முதல் நாள் பறக்கும் தட்டு என்றும் மறுநாள் வானிலை பலூன் என்றும் சொன்னது. சோவியத்தின் அணுகுண்டுச் சோதனை ஓசையை மேல் வானத்தில் ஒட்டுக்கேட்கும் ‘மோகுல்’ என்ற இரகசியத் திட்டத்தின் பலூன் தொடர் அது என்று விமானப்படை ஒப்புக்கொண்டது 1994இல்தான். நாற்பத்தேழு ஆண்டுகள்! பலூன் என்றது பொய்யல்ல. ஆனால் அது முழு உண்மையும் அல்ல. அந்த இடைவெளியில்தான் வேற்றுக்கிரகவாசிகளின் சடலங்கள் பற்றிய கதைகள் வளர்ந்தன.

1955 ஓகஸ்டில் யூ-2 என்னும் வேவு விமானம் பறக்கத் தொடங்கியது. பயணிகள் விமானங்கள் இருபதினாயிரம் அடிக்குள் பறந்த காலத்தில் அது அறுபதினாயிரம் அடிக்கு மேலே போனது. கீழே அந்தி மயங்கிய பின்னரும் அந்த உயரத்தில் சூரிய ஒளி இருக்கும். வெள்ளி நிறச் சிறகுகளில் அது பட்டுத் தெறித்து, நெருப்புப் பிழம்பு போலத் தெரியும். அதைக் கண்ட விமானிகள் நேர்மையாக அறிக்கை எழுதினர். புளூ புக் அதிகாரிகளில் விடயம் அறிந்தவர்கள் அதை யூ-2 என்று சொல்லமுடியாமல் பனிப்பளிங்கு என்றும் காற்றுப் படலம் என்றும் எழுதி அனுப்பினர். 1997இல் சீ.ஐ.ஏ.யின் வரலாற்றாசிரியர் ஜெரல்ட் ஹெய்ன்ஸ் இதை எழுதினார். ஐம்பதுகளின் பிற்பகுதியிலும் அறுபதுகளிலும் வந்த அறிக்கைகளில் பாதிக்கு மேல் இத்தகைய வேவு விமானங்களால் நேர்ந்தவை என்ற அவரது கணக்கைச் சிலர் ஏற்பதில்லை. ஆனால் தெரிந்தே தவறான விளக்கம் கொடுத்தார்கள் என்பதற்கு அந்தக் கணக்குத் தேவையில்லை.

இங்கே நடந்ததைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். காற்றுப் படலம் என்ற விளக்கம் ஓரிடத்தில் உண்மை. இன்னோர் இடத்தில் அதே விளக்கம் இரகசியத்துக்கு இட்ட போர்வை. கேட்கும் பொதுமகனுக்கு எது எது என்று பிரித்தறிய வழியில்லை. ஆகவே அவன் இரண்டையுமே தள்ளிவிட்டான். வானத்தில் வேற்றுக்கிரகவாசி இல்லை என்பதைச் சொல்லும் தகுதியை அதிகாரம் தன் கையாலேயே இழந்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1945 முதலான எல்லா விசாரணைகளையும் மீளப் பார்த்து, வேற்றுக்கிரகத் தொழில்நுட்பம் எதற்கும் ஆதாரமில்லை என்று அறிக்கை வெளியிட்டது. அதை நம்பாதவர் இன்றும் ஏராளம்.

புளூ புக்கின் 12,618 சாட்சியங்களில் 701 விளங்காமலே எஞ்சின. நூற்றுக்கு ஆறுக்கும் குறைவு. விளங்கவில்லை என்பதற்கு வேற்றுக்கிரகவாசி என்று பொருளில்லை. சாட்சியம் போதாதபோது காழி தீர்ப்பை நிறுத்தி வைப்பதைப் போன்றதே அது. தெரியாததைத் தெரியாது என்று எழுதி வைத்த அந்த 701ஐ அந்த விசாரணையின் நேர்மையான பக்கம் என்றும் சொல்லலாம்.

எமது கரையில்

பறக்கும் தட்டு எமது பிரச்சினை அல்ல என்று சிலர் நினைக்கலாம். 2011 ஓகஸ்டை நினைவுபடுத்துகிறேன். ‘கிறீஸ் பூதம்’ என்ற பெயர் மலையகத்திலும் கிழக்கிலும் பரவி, எமது ஊர்களில் ஆண்கள் கையில் பொல்லோடு தெருவில் விழித்திருந்த இரவுகள் அவை. கண்டேன் என்றவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் பெண்கள். எல்லாம் வதந்தி என்று மேலிருந்து அறிக்கை வந்தது. படையினருக்கும் பொதுமக்களுக்கும் இடையே பல இடங்களில் மோதல் நடந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரரின் உயிரே போனது. அந்த இரவுகளில் யார் எதைக் கண்டார் என்று இங்கே தீர்ப்புச் சொல்வது எனது நோக்கமல்ல. கண்டவரிடம் அமர்ந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் என்று மரியாதையோடு கேட்டு எழுதி, விடையை எல்லோருக்கும் வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் பயத்தின் பாதியாவது தணிந்திருக்கும். முப்பது ஆண்டுப் போரில் எத்தனையோ விடயங்களை மறைத்துப் பழகிய அரசு ‘வதந்தி’ என்றதும் மக்கள் நம்பவில்லை. மிச்சிகன் மக்கள் நம்பாததும் இதே காரணத்தால்தான்.

சுனாமிக்குப் பின் எமது கரைக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையானது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி சுமாத்ராவுக்கு அப்பால் பூமி அதிர்ந்தபோது எச்சரிக்கை வந்தது, மக்கள் கையில் பிள்ளைகளோடு மேற்கே ஓடினார்கள், அலை வரவில்லை. 2004இல் எச்சரிக்கை எதுவும் வரவில்லை, அலை வந்தது. லொஸ் ஏஞ்சலிஸும் கொழும்பும் போல இரண்டு வகையும் எமக்கு நேர்ந்துவிட்டன. அடுத்த தடவை ஓடச் சொல்லும் குரலை மக்கள் நம்ப வேண்டுமானால், பயப்பட ஒன்றுமில்லை என்று அதே குரல் சொல்லும் நாட்களிலும் அது உண்மை பேசியிருக்க வேண்டும்.

விசாரணை நன்றாக நடந்ததற்கும் எமது கடலில் ஓர் உதாரணம் உண்டு. 2015 நவம்பர் 13ஆம் திகதி நண்பகலுக்குச் சற்று முன்னர் இலங்கையின் தென்கரைக்கு அப்பால் விண்வெளிக் குப்பைத் துண்டொன்று காற்று மண்டலத்தில் எரிந்து விழுந்தது. இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம் என்று வாரக்கணக்கில் முன்னரே உலகத்துக்கு அறிவித்திருந்தார்கள். அபுதாபியிலுள்ள சர்வதேச வானியல் நிலையமும் ஐக்கிய அரபு இராச்சிய விண்வெளி நிறுவனமும் ஏற்பாடு செய்த விமானத்தில் விஞ்ஞானிகள் வந்து அதைப் படம் பிடித்தனர். உலகெங்குமிருந்து பிறை கண்ட சாட்சியங்களைத் திரட்டி ஆராய்வதும் அதே வானியல் நிலையந்தான். அன்று பகல் வானத்தில் ஒரு நெருப்பு எரிந்தது, எவரும் மிரளவில்லை. முன்னரே சொல்லப்பட்டது, சொன்னபடி நடந்தது.

ஆசிரியர்களுக்கு இதில் ஒரு சிறு வேலை இருக்கிறது. வானத்தில் புதிய ஒளி கண்டதாக மாணவன் வந்து சொன்னால் சிரிக்கவேண்டாம். ஒரு தென்னை மரத்தைக் குறியாக வைத்து, ஒரே இடத்தில் நின்று, ஒளி ஓலையைத் தொடும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். மறுநாளும் அதே இடத்தில் நிற்கச் சொல்லுங்கள். நாலு நிமிடம் முந்தி வந்தால் அது நட்சத்திரம். ஏறத்தாழ அதே கணக்கில், ஆனால் பக்கத்து நட்சத்திரங்களை விட்டு நாளுக்கு நாள் சற்றே விலகி வந்தால் கிரகம். மறுநாள் வராமலே போனால் விசாரணையைத் தொடரலாம். லடாக்கில் வானியலாளர் செய்ததும் இவ்வளவுதான். கண்டவனே ஆராய்பவனும் ஆகிறபோது, விடை எதுவானாலும் அதை ஏற்க அவனுக்குத் தயக்கம் இருக்காது.